இரண்டால் பெருக்கிச் சொல்கிறவர்

என் வீட்டுக்காரர் ஒரு மென்பொருள் கம்பெனியில் திட்டம் போடுகிறவர். அதாவது, ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று சொல்வதுதான் அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்வது வேறு ஆட்கள். இப்படி ஓர் உத்தியோகம் இருக்கிறது என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நான் இருப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். புதன்கிழமை தருகிறேன் என்றால் புதன்கிழமை தர வேண்டும். தராவிட்டால் வந்தவர் கவுண்டரைத் தட்டுவார், அதுவும் கண்ணாடி இல்லாததால் எங்கே தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுவார்.

இவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ப்ரோக்ராம் எழுதுகிறவர்களிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார். ஐந்து என்பார்கள். இவர் பன்னிரண்டு என்று எழுதுவார். மேலாளர் அதைப் பாதியாக வெட்டி ஆறு என்பார். அந்த மேலாளருக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் கத்தரி. இவர் பெருக்குவார் என்று கத்தரிக்குத் தெரியும், கத்தரி வெட்டுவார் என்று இவருக்குத் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பேரம் பேசி, ஐந்து நாள் வேலைக்கு ஆறு நாள் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள். பதினோரு வருஷமாக இதற்குப் பெயர் மதிப்பீட்டுக் கூட்டம்.

வீட்டில் கதை தலைகீழ். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்றால், "அஞ்சு நிமிஷ வேலை" என்பார். அந்த ஐந்து நிமிஷம் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நாலாவது ஞாயிறு நான் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்தேன். வந்தவர் முடித்துவிட்டுப் போகும்வரை இவர் பக்கத்தில் நின்று வேகம் போதாது என்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஏஐ வந்து சேர்ந்தது. சொன்னால் ப்ரோக்ராம் எழுதித் தரும் உதவியாளர் ஒன்றைக் கம்பெனி வாங்கியது. எழுதுகிறவர்கள் எல்லாரும் வேலை போய்விடும் என்று கலங்கினார்கள். ஆனால் முதல் கத்தி வந்தது இவர் கழுத்துக்கு. அது திட்டமும் போடுமாம். புதிதாக வந்த ஒரு வேலைக்குத் திட்டத்தை அதுவே போடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கத்தரி உத்தரவு போட்டார். பக்கத்தில் உட்காரும் வேலைக்கு ஒரு ஆள் எத்தனை நாள் தேவைப்படுவான் என்று இவரே கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோனார்.

எனக்கு வேறு பயம். அந்தச் சமயத்தில்தான் என் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்திருந்தார். இவர்களுடைய புது வேலை தொடங்கி நான்காவது வாரத்தில் வருகிறது அந்தத் தேதி. பதினைந்து நாள் கூடவே ஆள் இருக்க வேண்டும், தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் தங்கை இருப்பது வேறு நாட்டில். மகளுக்கு ஒன்பது வயது. ஆக, இருப்பது இவர் ஒருவர்தான். லீவு போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். குழாயையும் சரிசெய்துவிடுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

வந்த வேலை, பல வருஷமாக இவர்களிடம் வேலை கொடுக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு. ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவர்களுடைய ரிப்போர்ட் போனில் போய்ச் சேர வேண்டும். இவர் தன் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் முன்னால் இரண்டு வாரம் உட்கார்ந்தார். கத்தரியிடம் சொன்ன நாள்கள் அந்த நோட்டில் இல்லை, வேலைகள் நிஜமாக முடிந்த நாள்கள் இருந்தன. அதையெல்லாம் ஒப்பித்தார். அது வேலையை முப்பத்துநான்கு துண்டாகப் பிரித்தது. ப்ரோக்ராம் எழுத எனக்கு ஒன்பது நாள் போதும், ஆனால் நான் எழுதியதை மனிதர்கள் படித்துச் சரிபார்க்கவும், பரிசோதனைக்கூடத்தார் கேள்விக்குப் பதில் சொல்லவும், ஓட்டிப் பார்த்துப் பிழை திருத்தவும் முப்பத்தொரு நாள் ஆகும், மொத்தம் நாற்பது என்றது. இவர் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். நாற்பதுதான். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுநாள் கூட்டத்தில் கத்தரி நாற்பதைப் பார்த்தார். யார் போட்ட கணக்கு என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை, கை பழக்கம். "இருபதுன்னு வெச்சுக்கலாம்" என்றார். இயந்திரம் எழுதும்போது இன்னும் சுலபம்தானே என்று ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டார். நாளைக் காலையில் பரிசோதனைக்கூடத்தை நடத்துகிற அம்மாவுக்குச் சொல்லிவிடுகிறேன், கடைசி வாரம் யாருக்கும் லீவு கிடையாது என்றும் சொன்னார்.

இருபது வேலை நாள் என்றால் நாலு வாரம். கடைசி வாரம் என்பது என் வாரம்.

சாயங்காலம் இவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே முகம் சொல்லிவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சரியான எண்ணை நீட்டியிருக்கிறார், அதுவும் பாதியாகிவிட்டது. அந்த இயந்திரத்துக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் கத்தரியைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"இது நெஜமான கணக்கு, வெட்டாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"அப்ப இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் என்னன்னு கேப்பார்."

"பொய்னு சொல்லுங்க."

"இந்த நேரத்துலயா? என்னை அனுப்ப அவருக்கு ஒரு காரணம் போதும்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. வேலையும் போகக் கூடாது, நானும் தனியாகக் கிடக்கக் கூடாது என்றால் இவர் என்னதான் செய்வார் என்று பாவமாகவும் இருந்தது. ஆனால் இவர் செய்ததைக் கேட்டபோது அந்தப் பாவம் போய்விட்டது.

மறுநாள் காலையில் போய், நாற்பதை எண்பது ஆக்கு என்று இயந்திரத்திடம் சொல்லியிருக்கிறார். வெட்டினால் நாற்பது மிஞ்சும் அல்லவா, மூளை. அது ஏன் என்று கேட்டது. பதினோரு வருஷமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. மனுஷன் உருகிப்போய், எங்கள் மேலாளர் எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவார், அதனால் எப்போதும் இரட்டிப்பாகத்தான் சொல்வேன் என்று மனசிலிருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். கூடுதல் நாற்பது நாளுக்கு வேலை எதுவும் இல்லை, யாரும் வேலை என்று தவறாக நினைக்காதபடி தனி வரியாகக் காரணத்தோடு போட்டுவிடுகிறேன் என்று அது பதில் சொன்னது. இவர் அதைப் படித்தாரா என்றால், மேலே எண்பது என்று வந்துவிட்டது, அதற்குக் கீழே படிக்க என்ன இருக்கிறது? வழக்கம்போலக் கத்தரிக்கு ஒன்று, பரிசோதனைக்கூடத்து அம்மாவுக்கு ஒரு நகல் என்று அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

முப்பத்தைந்தாவது வரி இப்படி இருந்தது: கூடுதல் நாள்கள், நாற்பது. காரணம்: மேலாளர் எந்த மதிப்பீட்டையும் பாதியாகக் குறைப்பது வழக்கம்.

கத்தரி கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எப்போதிருந்து பெருக்குகிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் வெட்ட ஆரம்பித்ததிலிருந்து என்றார் இவர். நீங்கள் பெருக்கியதால்தானே வெட்டினேன் என்றார் அவர். யார் முதல் என்று இரண்டு பேரும் பழைய திட்டங்களை எல்லாம் திறந்து தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பரிசோதனைக்கூடத்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. 

"முப்பத்தஞ்சாவது வரி படிச்சேன்," என்றாராம். "காலையில நீங்க இருபதுன்னு சொன்னதுமே அதை ரெண்டு மடங்காக்கி நாங்க நாற்பதுன்னு எழுதி வெச்சாச்சு. உங்க ஆபீஸ் எது சொன்னாலும் நாங்க அப்படித்தான் எழுதறது."

ஆக, பதினோரு வருஷப் பெருக்கலும் வெட்டலும் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வேலை நாற்பது நாளில் முடியும் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். இவரை அனுப்பவும் இல்லை. இயந்திரத்துக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று கத்தரிக்குத் தோன்றிவிட்டதாம். அன்றைக்கு இவர் ஏதோ போரில் ஜெயித்தவர் மாதிரி வீட்டுக்குள் வந்தார்.

"அந்த நாற்பதுல என் ஆபரேஷன் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

உட்காரப் போனவர் உட்காரவில்லை. மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நான்காவது வாரம், ஐந்தாவது வாரம், இரண்டிலும் சரிபார்க்கும் வேலைக்கு நேராக இவர் பெயர்தான் இருந்தது. இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது, அதற்கு என்னைத் தெரியாது. பொய்க் கணக்கு ஓடிய காலத்தில் ஐந்து நாள் வேலைக்கு ஆறு வாங்கியதில் மிஞ்சிய ஒரு நாள், இன்னொரு இடத்தில் இரண்டு நாள் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் இவர் அவசரத்துக்கு எங்களோடு இருந்திருக்கிறார். இப்போது எல்லாம் உண்மையாகிவிட்டது, எனக்கு இடமில்லை.

"எத்தனை நாள்னு சரியா சொல்லு. அப்படியே எழுதிடறேன்," என்றார்.

"நாலு நாள் போதும். அப்புறம் நானே பாத்துப்பேன்."

சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது என்ன என்று எனக்கே உறைத்தது. இவரை இத்தனை நாள் கிண்டல் செய்துகொண்டிருந்த எனக்கு, என் விஷயத்தில் வெட்டுவதற்குக் கத்தரிகூடத் தேவைப்படவில்லை. இவர் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் பதினைந்து என்றார், பதினைந்துதான் என்று சொல்லித் தட்டச்சு செய்தார். மனைவியின் அறுவை சிகிச்சை, பதினைந்து நாள். இயந்திரம் இவருடைய வேலைகளில் சிலவற்றை வேறு ஆளுக்கு மாற்றி, மீதியைத் தள்ளிப் போட்டு, மொத்தம் நாற்பத்தாறு என்றது.

மறுநாள் முழுவதும் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருக்கு இன்னொருவர் கண்ணாடியைக் கொடுத்துத் திட்டும் வாங்கினேன். சாயங்காலம் இவர் வந்ததும் முதலில் கத்தரி என்ன செய்தார் என்றுதான் கேட்டேன்.

"வெட்டலை," என்றார்.

"ஒண்ணுமே சொல்லலையா?"

"அந்த வரியைப் படிச்சுட்டு, இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்க வெச்சிருந்தீங்கன்னு கேட்டார்."

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். மகள் பிறந்த நான்கு நாள் ஏதோ ஒரு கிடங்கின் திட்டத்தில் மறுபரிசோதனை என்று கிடக்கிறது. என் அப்பா செத்துப்போன மூன்று நாள் யாரோ ஒரு பஸ் கம்பெனிக்குத் தகவல் மாற்றிக் கொடுத்த கணக்கில் இருக்கிறது. நான் ஒருத்திதான் முதல்தடவையாக மனைவி என்றே ஒரு வரியில் வந்திருக்கிறேன்.