சூடாமணி ஆத்துப் பிரேதங்கள்

ஸ்ரீவராகத்தில் சூடாமணியின் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இது புஸ்தகக் கடையா, பேய்ப்படக் கடையா?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பதோடு அவள் நிறுத்திக்கொள்கிறாள். ரெண்டும்தான். கண் இருந்தால் தெரியாதா?

வாடகை வீட்டின் முன்கூடம்தான் கடை. கல்லூரி நூலகம் ஒன்றில் புத்தகம் கொடுத்து வாங்கியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, "இனிமே நான் கொடுத்தா திருப்பி வாங்கிக்க மாட்டேன்" என்று விருப்ப ஓய்வில் வந்தவள் அவள். ஊரில் பேராசிரியர்கள் காலமாவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பார்கள். ஊர் திரும்புவதற்குள் அப்பாவின் அறையைக் காலி செய்ய வேண்டும். சூடாமணிக்குப் போன் வரும்.

அப்படி முதலில் போனது சாஸ்தமங்கலத்தில் ஒரு கல்வெட்டுப் பேராசிரியர் வீட்டுக்கு. தடித்தடியான தொகுதிகளை இறக்கினால் பின்னால் இன்னொரு வரிசை இருந்தது. ஜப்பான் பேய்கள், இத்தாலிய ரத்தக்காட்டேரிகள், பிலிப்பைன்ஸில் இடுப்போடு பிரிந்து பறக்கிற பெண்கள், உள்ளூர் யட்சிகள், எல்லாம் டிஸ்க்கில். மனிதர் ஏதோ தவறுதலாக வாங்கியிருப்பார் என்று நினைத்தாள். அடுத்துப் போன வீட்டில் மானிடவியல் பேராசிரியை. அங்கேயும் அதே கதை. நாலைந்து வீடு பார்த்தபின் ஆச்சரியம் விட்டுப்போயிற்று. படித்தவர்கள் அலமாரியில் முன்வரிசை ஊருக்கு, பின்வரிசை தனக்கு.

சூடாமணி செய்தது ஒன்றுதான். இரண்டு வரிசையையும் ஒரே வரிசையாக்கினாள். பாலமரத்தைப் பற்றிய தாவரவியல் நூலுக்கு அடுத்து அந்த மரத்தில் குடியிருக்கும் யட்சி. பலிச் சடங்கு ஆராய்ச்சிக்குப் பக்கத்தில் இத்தாலிக்காரன். ஜப்பானியக் குளியல் வழக்கங்கள் பற்றி யாரோ எழுதிய கனத்த புத்தகத்தை ஒட்டி, கிணற்றிலிருந்து தலைவிரித்து ஏறி வருகிறவள். ஆராய்ச்சி மாணவி புத்தகத்துக்கு வந்து படத்தோடு போவாள், பைக்கில் வருகிற மலையாளப் பையன்கள் படத்துக்கு வந்து, "சேச்சி, இந்த புக் எந்தா?" என்று புரட்டிப் பார்த்து அதையும் எடுத்துப் போவார்கள். டிசம்பர் பட விழாவின்போது கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கூட்டம் தெரு முனை வரைக்கும் நிற்கும். இத்தனைக்கும் சூடாமணிக்குப் பேய்ப்படம் பார்க்க பயம். டிஸ்க் ஓடுகிறதா என்று சோதிக்கும்போது சத்தத்தை நிறுத்திவிடுவாள். சத்தம் இல்லாவிட்டால் பேய் என்பது தலை வாராத பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

இதெல்லாம் பஞ்சாபகேசனுக்கு ஆகவில்லை. அவர் வீட்டுச் சொந்தக்காரர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர், போதாக்குறைக்குத் தெருச் சங்கத்தின் தலைவர்.

"கோவில் பக்கத்துத் தெருவுல பேய்ப் படமா? நன்னாவா இருக்கு?"

"மாமா, புஸ்தகத்துல இருக்கறதும் அதே பேய்தான்."

"புஸ்தகத்துல இருந்தா ஆராய்ச்சி. படத்துல இருந்தா சல்யம், தொல்லை. வர ஞாயித்துக்கிழமைக்குள்ள அதெல்லாம் இந்த ஆத்தை விட்டுப் போகணும். இல்லாட்டா கடையே வேண்டாம், கேட்டியா?"

கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் தெரு முழுக்கப் புலம்பினாள். படம் போனால் பையன்கள் வரமாட்டார்கள். பையன்கள் வராவிட்டால் குளியல் வழக்கங்களை எவன் வாங்குவான்? ஆறு மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான். தெருவே "ஐயோ பாவம்" என்றது. பஞ்சாபகேசனிடம் போய்ச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் பாறசாலையில் திரைப்படக் கழகம் நடத்தும் அனூப், தன் வீட்டு மாடியில் டிஸ்க்குகளை வைத்துக்கொள்வதாகச் சொன்னான். ஞாயிறு காலை வேனோடு வருவான்.

வேன் நிற்க இடம் வேண்டுமே. தெருவின் வாட்ஸாப் குழுவில் சொல்லிவிடும்படி மகள் ஸ்நேகாவிடம் சொன்னாள் சூடாமணி. அங்கேதான் வந்தது வினை.

ஸ்நேகா படித்தது, வேலை பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் மலையாளத்தில். குழுவில் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது பஞ்சாபகேசன் போட்ட சட்டம். ஞாயிறு விடிகாலையில் அரைத் தூக்கத்தில் எழுந்து அவள் எழுதினாள்: "இன்னிக்கு காலம்பற நம்மாத்துலேர்ந்து பிரேதம் எல்லாம் எடுக்கறா. வேன் வரும். வாசல்ல யாரும் வண்டி போடாதேங்கோ." கூடவே கூப்பிய கைப் படம் ஒன்று. போட்டுவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டாள்.

மலையாளத்தில் பிரேதம் என்றால் பேய். பேய்ப்படத்துக்குப் பிரேதப் படம் என்றே பேர். அக்ரஹாரத் தமிழில் பிரேதம் என்றால் செத்த உடம்பு. அது தெருவில் கிடக்கிறவரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. எடுத்தபின் குளித்துவிட்டுத்தான் காபியே.

தெருவில் பால் பொங்க இருந்த அடுப்பெல்லாம் அணைந்தது.

சூடாமணிக்கு ஒன்றும் தெரியாது. போன் எங்கோ சார்ஜில் கிடந்தது. கடைக்குள் தரையில் உட்கார்ந்து டிஸ்க்குகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தூசியில் தும்மித் தும்மிக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, கொண்டை அவிழ்ந்து தொங்கியது. ஒவ்வொரு டிஸ்க்கை உருவும்போதும் பக்கத்துப் புத்தகம் சரிந்து விழுந்தது; விழுந்ததை எடுத்து நிறுத்தினால் அடுத்தது விழுந்தது. "விழு, நீயும் விழு" என்று திட்டிவிட்டு, காற்றுக்காக வாசல் கதவைத் திறந்தாள்.

வாசலில் தெருவே நின்றது.

பக்கத்து வீட்டு ஸ்ரீலட்சுமி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "சூடாமணீ! இப்படி ஆயிடுத்தேடீ!"

ஒரு கணம் சூடாமணிக்கு மனசு இளகியது. டிஸ்க்குக்காக இத்தனை பேரா? அடுத்த கணம் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப வந்து அழுது என்ன பிரயோஜனம்? ஒரு வாரமா நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னேளா?"

கூட்டம் தலை குனிந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற பஞ்சாபகேசன் முன்னே வந்தார். காபி இறங்காத முகம். "மனசைத் தேத்திக்கோ. இவ்ளோ சீக்கிரம்னு யாரு கண்டா?"

"சீக்கிரமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள போகணும்னு கெடு வெச்சதே நீங்கதானே மாமா!"

தெரு மொத்தமும் திரும்பிப் பஞ்சாபகேசனைப் பார்த்தது.

"நானா?"

"பின்னே யாரு? இல்லாட்டா எங்களையே வெளில அனுப்பிடறேன்னேள்."

"மாமா," என்றாள் ஸ்ரீலட்சுமி, "அப்படியா சொன்னேள்? ஒரு மனுஷரைப் பார்த்தா?"

பஞ்சாபகேசன் வாய் திறப்பதற்குள் வெள்ளை வேன் ஒன்று கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றது. அனூப் குதித்து இறங்கினான். "எக்கா, பிரேதம் எல்லாம் கெட்டியாச்சா? ஏத்திரலாமா?"

"கட்டியாச்சுப்பா. ஏழு."

"ஏழா!" என்றது கூட்டம்.

"ஏழுன்னா வண்டி கொள்ளாதே எக்கா. செரி, ஜப்பான்காரன அடியில போட்டு, இத்தாலிக்காரன அவன் மேல வச்சு அமுக்கிரலாம். நம்மூரு யட்சி முன் சீட்டுல எங்கூட இருக்கட்டும்."

"ராமா, ராமா" என்று பஞ்சாபகேசன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சூடாமணியின் கணவர் மஹேஷ் வந்தார். காலை நடையை முடித்துக்கொண்டு வருகிறவர். கையில் வெள்ளரிக்காய்ப் பை. "நகருங்கோ, நகருங்கோ. என்ன, யாருக்கு என்ன ஆச்சு?"

ஸ்ரீலட்சுமி வீறிட்டாள்.

"மஹேஷ்," என்றார் பஞ்சாபகேசன் மெதுவாக, "நீ... நன்னாத்தானே இருக்கே?"

"முட்டி வலி உண்டு மாமா. ஏன் கேக்கறேள்?"

உள்ளிருந்து ஸ்நேகா ஓடி வந்தாள், கையில் போன். "அம்மா, க்ரூப்ல எல்லாரும் ஓம் சாந்தின்னு போட்டிருக்கா. அப்பா படத்துக்கு மாலை போட்டு ஒருத்தர் அனுப்பியிருக்கார். எந்தா இதெல்லாம்?"

பஞ்சாபகேசன் போனைப் பிடுங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் படித்தார். "பிரேதம்னா என்னடி?"

"பிரேதம்னா பேய், தாத்தா. பிரேதப் படம். அந்த டிஸ்க்கெல்லாம்."

"உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"யாரும் சொல்லித்தரலையே. அதானே ப்ராப்ளம்."

தெரு அப்படியே மாறியது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினியாக நிற்கிறார். ஒருவர் தம்பிக்குத் தந்தி அடிக்காத குறையாகப் போன் போட்டு, அவன் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறிவிட்டான். சூடாமணிக்கோ இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. டிஸ்க்குக்காக ஒருத்தரும் வரவில்லை! அது வேறு.

பஞ்சாபகேசன் எழுந்து துண்டை உதறினார். "தப்பு உம் பொண்ணு மேல. போகட்டும். அந்தப் பெட்டியெல்லாம் சட்டுனு ஏத்தி அனுப்பு. நான் போய்க் காபி குடிக்கணும்."

"இருங்கோ மாமா," என்றாள் ஸ்ரீலட்சுமி. "அது வாசப்படி தாண்டிப் போனா நாங்க குளிக்கணுமா, வேண்டாமா?"

"எதுக்குக் குளிக்கணும்? அது வெறும் டிஸ்க்!"

"வெறும் டிஸ்க்குன்னா ஏன் எடுக்கச் சொன்னேள்?"

பஞ்சாபகேசன் துண்டை மறுபடி இடுப்பில் கட்டினார். ஸ்ரீலட்சுமி விடவில்லை.

"நிஜமாவே பேய் இருக்குன்னா எடுத்தப்புறம் தெருவே தலை முழுகணும். ஒண்ணும் இல்லை, பிளாஸ்டிக்குன்னா அது பாட்டுக்கு உள்ளே கிடக்கட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ. எனக்குப் பசி உயிர் போறது."

"ஆமாம், சொல்லுங்கோ" என்றார் சர்க்கரைக்காரர். பின்னாலிருந்து நாலைந்து குரல். ஒரு வாரமாக வராத வாயெல்லாம் வெறும் வயிற்றில் வந்தது.

சூடாமணி பார்த்தாள். இதை விட்டால் இன்னொரு சமயம் வாய்க்காது. விறுவிறு என்று உள்ளே போய் ஒரு கையில் பாலமரப் புத்தகத்தையும் மறு கையில் யட்சி டிஸ்க்கையும் எடுத்து வந்து பஞ்சாபகேசன் கையில் திணித்தாள்.

"ரெண்டும் ஒரே மனுஷர் அலமாரிலேர்ந்து வந்தது மாமா. இதைப் படிச்சவர்தான் அதையும் பார்த்தார். ஒண்ணை எடுத்தா ஒண்ணு சரிஞ்சு விழறது, காலம்பறலேர்ந்து நான் தூக்கி நிறுத்திண்டிருக்கேன். என்னால முடியலை. ஒண்ணு ரெண்டும் இருக்கும், இல்லாட்டா இன்னிக்கே எல்லாத்தையும் ஏத்திண்டு நானும் பாறசாலைக்குப் போறேன்."

"எக்கா, மாடி அவ்ளோ தாங்காது" என்றான் அனூப்.

பஞ்சாபகேசன் டிஸ்க் அட்டையில் இருந்த யட்சியைப் பார்த்தார். அவளும் பசியாகத்தான் இருந்தாள்.

"சரி. இருக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

"நான் இருக்கறவரைக்கும்டீ! போறுமா? யாராவது போய் அடுப்பைப் பத்த வையுங்கோளேன்!"

தெரு கலைந்தது. ஸ்ரீலட்சுமி பாதி ஓட்டமாகப் போனாள். அனூப் முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளைப் பிரித்து டிஸ்க்குகளை அலமாரியில் திருப்பி வைக்க உதவினான். இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தது ஜப்பான்காரனை அரை அடி நகர்த்தவா என்று கேட்டான்.

"மாமா," என்றாள் சூடாமணி, "வாயால சொன்னாப் போறாது. க்ரூப்ல போடுங்கோ. நீங்களே, உங்க தமிழ்லயே."

பஞ்சாபகேசன் அவளை முறைத்தார். பிறகு படியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்: "சூடாமணி ஆத்துப் பிரேதம் எடுக்கப்பட மாட்டாது. அது அங்கேயே இருக்கும். இது என் முடிவு. பஞ்சாபகேசன்." அனுப்பிவிட்டு, தெருவுக்கே நல்லது செய்த திருப்தியோடு நிமிர்ந்தார்.

போன் அடித்தது. கரமனையிலிருந்து யாரோ உறவு, குழுவில் இருப்பவர். சத்தம் வெளியே கேட்டது: "மாமா, ஏன் எடுக்கலை? யாராவது வரணுமா?"

பஞ்சாபகேசன் போனைச் சூடாமணியிடம் நீட்டினார்.

"ஆமாம், வரணும்" என்றாள் சூடாமணி. "காபி."