கிளைட் போட்டு வைத்த கதிரை

காலை ஆறரை மணிக்கு ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். மொன்ட்ரியாலுக்கு 540 கிலோமீட்டர், டிக்கெட் 58 டொலர். கிளைடின் நினைவு நிகழ்ச்சிக்குப் போகிறேன். அங்கே சென்ட் லோரன்ட் கிடங்கில் என்னோடு ஆறு வருடம் பெட்டி அடுக்கியவர் அவர். ஞாயிறு பிற்பகல்களில் வில்லரேயில் ஒரு சின்ன பாரில் சாக்ஸபோன் வாசிப்பார். வெள்ளிதோறும் என்னைக் கூப்பிடுவார். நான் ஒரு ஞாயிறும் போகவில்லை. பிறகு ரொறன்ரோவுக்கு மாறிவிட்டேன். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு செத்தாரோ என்பதுதான் வழி முழுக்க அரித்தது.

ஒரு மணிக்கு மொன்ட்ரியால். மெட்ரோவுக்கு 3.75 டொலர். ஜாரி நிலையத்தில் இறங்கியதும் நவம்பர் பனிச்சேறு சப்பாத்துக்குள் புகுந்தது. ஆறு வருடம் இருந்த ஊர்; தெரிந்த முகம் ஒன்றுகூட எதிரே வரவில்லை. வீடுகளின் வெளிப்படிகளைக் கண்டதும் கிளைட் சொன்னது ஞாபகம் வந்தது. ப்ளூஸ் கீழ்வீடு, ஜாஸ் மேல்வீடு, படி ஒன்றுதானாம். அவர் எந்த வீட்டில் நின்று வாசித்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் அல்லவா.

மூன்று மணி. பாரில் இருபது பேர் இருந்தார்கள். மேடையில் மூவர் மெதுவான ப்ளூஸ் ஒன்றைத் தொடங்கி, அது ஜாஸாகி ஓடும்வரை வாசித்தார்கள். சாக்ஸபோனின் முறை வந்தபோது எவரும் அதை நிரப்பவில்லை. ட்ரம்ஸ் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மேடையருகே ஒரு கதிரை காலியாக இருந்தது. கிடங்கில் எங்களோடு வேலை செய்த சிவா அண்ணை அதைக் காட்டினார்.

"அது உன்ரை கதிரை. ஒவ்வொரு ஞாயிறும் உனக்கெண்டு போட்டு வைப்பார்."

"நான் வருவன் எண்டு எப்பவண்ணை சொன்னனான்?"

"வெள்ளிக்கிழமையிலை வேலை முடிய 'வாறன்' எண்டுதானே சொல்லிப்போட்டுப் போறனீ. அதின்ரை அர்த்தத்தை அவர் என்னட்டைத்தான் கேட்டவர். நானும் 'வருவன்' எண்டு சொல்லுக்குச் சொல் சொல்லிப்போட்டன்."

விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாதே என்று நாங்கள் சொல்லும் சொல். அதை ஒரு மனிதர் நம்பியிருக்கிறார்.

"கோவிச்சவரோ?"

"இல்லையடா. நீ ஊர் மாறின பிறகும் கதிரையை எடுக்க விடேல்லை."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடியும்வரை அழுதேன்.

ஐந்து மணி. ஆறு மணிக்குத் திரும்பும் பஸ். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை என்பது எங்கள் வழக்கம். சிவா அண்ணையும் தலையை மட்டும்தான் அசைத்தார். ஆனாலும் வாசலில் பழக்கதோஷத்தில் அந்தச் சொல் நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அதை நம்புவதற்கு இனி அங்கே ஆள் இல்லை.