கோமதி அக்கா பஸ்ஸை நிறுத்திய காலை

ஆயர் ஈத்தாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு எங்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை கோமதி அக்கா பல வருஷமாக ஓட்டுகிறார். ஏறுகிற எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். யார் எந்த பிளாட்டிலிருந்து ஓடி வருவார், யாருக்கு இன்று லீவு, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

போன வருஷம் இன்னொரு டிரைவர் கார்த்திகேசு விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவருடைய இரவு ஷிப்டும் அக்கா தலையில் விழுந்தது. ஒரு வாரம்தான் என்றார்கள், மாதக்கணக்கில் இழுத்தது. தூக்கம் துண்டு துண்டாகிப் போனது. காமினி என்ற என்னைத் தனுஜா என்று கூப்பிட்டார். ஸ்டாப்பில் நின்ற நோர்மா கைகாட்டியும் நிறுத்தாமல் போய்விட்டார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

ஒரு காலை, ரெலாவ் சந்திப்பில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. அக்கா ரோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு எழுந்தார்.

"மன்னிச்சிருங்க. எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல. அந்த மலை ரோட்டு வளைவெல்லாம் எப்படித் தாண்டி வந்தேன்னும் ஞாபகமில்ல. இனிமே ஓட்ட மாட்டேன்."

பஸ் முழுக்க முணுமுணுப்பு. முன் சீட்டில் இருந்த குகன் கெஞ்சினான்.

"கிட்ட வந்துட்டோம் லா, அக்கா. மெதுவா ஓட்டுங்க."

"மெதுவா ஓட்டினாலும் இதே தலைதானே தம்பி ஓட்டணும்?"

அக்கா போன் செய்ததும் முதலாளி மீரா சாகிப் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"ஒரு கோப்பி குடிச்சிட்டு ஓட்டு லா, கோமதி!"

"குடிச்சாச்சு முதலாளி. வேற ஆளை அனுப்புங்க."

வேறு ஆள் இல்லை. அவரே காரில் வந்து இறங்கினார், முகம் சிவக்க.

"சாவியைக் கொடு."

அக்கா பையைத் துழாவினார். சட்டைப்பையைத் தடவினார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சாவி அவர் இடது கையில்தான் இருந்தது. மீரா சாகிப் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது.

"போய்த் தூங்கும்மா," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அக்காவை வீட்டுக்கு அனுப்ப வாடகைக் காரும் அவரே பிடித்தார். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பழக்கம் விட்டுப் போயிருந்ததால் பஸ் இரண்டு தடவை குலுங்கி நின்றுதான் கிளம்பியது. எல்லாருக்கும் தாமதம். ஏச்சும் வாங்கினோம்.

மறு வாரம் அக்கா வந்தார். ஒரு ஷிப்டுக்குமேல் ஓட்டுவதில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாராம். முதலாளியும் மறுக்கவில்லை. இரவுக்கு இக்மல் என்ற புது டிரைவரைப் போட்டார். ஆனால் அக்காவுக்கு உடனே எல்லாம் தெளிந்துவிடவில்லை. பேர்களுக்குத் தடுமாறும்போதெல்லாம் எங்களிடமே கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்வார்.

சென்ற மாதம் காய்ச்சலோடு ஓட்டிவந்த இக்மல், பாதி வழியில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு முதலாளிக்குப் போன் செய்தானாம். அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று பகல் ஷிப்டு இல்லாத கோமதி அக்காவை, பஸ்ஸை ஓட்டக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.