மருமகனின் ஆங்கிலம்

மலேசியாவின் லகாட் ஊரில், காசு போட்டுத் துணி துவைக்கும் டோபிக் கடையில்தான் அவரைச் சந்தித்தேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரி ஓட்டுபவர். கனத்த உடம்பு, வெயில் பட்டு வலக்கை மட்டும் கூடுதலாகக் கருத்திருந்தது. கைப்பேசியைக் காதில் வைக்குமுன் ஒவ்வொரு முறையும் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இத கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

ஸ்பெயினில் இருக்கும் அவருடைய மகளுக்குத் தலையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அந்த நாட்டுக்கார மருமகன் ஆங்கிலத்தில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். பலமுறை கேட்டேன். அவளால் பேச முடிகிறது என்கிறானா, முடியவில்லை என்கிறானா?

"கேன் மாதிரியும் இருக்கு, கான்ட் மாதிரியும் இருக்குண்ணே. கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார். "ஷீ கேன் டாக் ஆர் கெனாட் டாக்லா?"

"சாரி?" என்றான் மருமகன்.

மறுபடி கேட்டார். மறுபடியும் "சாரி?" பிறகு அவன் நிறுத்தாமல் பேசினான். இவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஓகே, தேங்க்யூ" என்று வைத்துவிட்டார்.

"என்னண்ணே சொன்னாரு?"

"வெளங்கல. எத்தன தடவ திருப்பிக் கேக்கறது? அவனும் அங்க ஒண்டியா நிக்கிறான், பாவம்."

கேள்வியை நானே அவர் கைப்பேசியில் எழுதி அனுப்பினேன். வெகுநேரம் காத்திருந்தோம். பதில் இல்லை. என் துணி காய்ந்துவிட்டது. எழுந்திருக்கத் தயங்கினேன்.

"நீங்க போங்க தங்கச்சி, மழை வருது. பதில் வர்ற வரைக்கும் அவ பேசுறான்னே வச்சுக்கறேன்லா."

பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நானும் இன்றுவரை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.