மாமாவுக்கு எந்த நிறச் சீட்டு

லாண்டரியில் அவளுக்கு ஊக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சட்டையின் முன்பக்கத்தில் எப்போதும் ஒரு வரிசை ஊக்கு தொங்கும். வருகிற துணிக்கெல்லாம் நம்பர் சீட்டை மடித்து, காலரின் உள்பக்கம் குத்தி உள்ளே அனுப்புவது அவள் வேலை. துவைத்துத் தேய்த்து வெளியே வரும்போது சீட்டு விழுந்துபோயிருந்தால் அந்தத் துணிக்குச் சொந்தக்காரர் யாரென்று கடவுளுக்கே தெரியாது. அந்த மாதிரித் துணிகளுக்கென்று கடைசி மூலையில் ஒரு கம்பி உண்டு. அநாதைக் கம்பி என்பார்கள். நல்ல நல்ல கோட்டெல்லாம் கேட்பாரற்று அதில் தூசி வாங்கிக்கொண்டு தொங்கும்.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். போனால் போன இடம், வந்தால் தூக்கம். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுத்தான் பிரிவார்கள் என்று யார் சொன்னது? சண்டைக்கும் தெம்பு வேண்டாமா? இவள் கால் வீங்கி வருவாள், அவன் கண் சிவந்து வருவான். “சாப்டாச்சா?” “ஆச்சு.” இதுதான் பேச்சு. ஒருநாள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, “டிப்போ பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன்” என்றான். “தண்ணி ஒழுங்கா வருதா?” என்று கேட்டாள் அவள். அவ்வளவுதான். பல வருஷக் கல்யாணம் அந்தக் கேள்வியோடு முடிந்துபோனது.

விவாகரத்துக்காகப் போய்ப் பார்த்த வக்கீலம்மாவும் அவர்களை மாதிரியே களைத்துப்போன ஒரு பெண்பிள்ளை. மேஜை நிறைய அடுத்தவர்கள் வீட்டு வம்பு. “விவாகரத்து வர்றப்போ வரட்டும். அதுக்கு முன்னாடி பிரிவு ஒப்பந்தம்னு ஒண்ணு எழுதிக்கலாம். வீட்ல யார் இருக்கறது, எது யாருக்குன்னு நீங்களே பேசி முடிச்சுட்டா கோர்ட்டுல இழுபறி இருக்காது” என்றாள். பிறகு கேட்டாள், “குழந்தைங்க?”

“இல்ல.”

“அப்ப சுலபம்தான்” என்று பேனாவை மூடினாள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று இரண்டு பேருக்குமே வாயில் வரவில்லை பாருங்கள்.

அந்த ஆள் அவள் மாமனார். பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு இவர்களோடு வந்து சேர்ந்தார். வாழ்நாள் பூரா லிஃப்டில் நின்றவருக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. பொழுது சாய்ந்து அவள் மூச்சு வாங்கப் படியேறி வந்தால், காலடிச் சத்தத்துக்கே கதவைத் திறந்துவிட்டுச் சுவரோரம் விறைப்பாக நின்று, “எந்த மாடி?” என்பார். “மேல மாமா, கடைசி மாடி” என்பாள் அவள். உள்ளே அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும், கால் ஊற வைக்க. தினமும் அதே கேள்வி, அதே பதில். அந்த வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அது ஒன்றுதான். அவளைப் பெற்ற அப்பாகூட அவள் காலைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

பங்கு பிரிக்கிற ஞாயிற்றுக்கிழமை அவள் லாண்டரியிலிருந்து இரண்டு கட்டுச் சீட்டு கொண்டுவந்தாள். மஞ்சள் அவளுக்கு, வெள்ளை அவனுக்கு. தொழில் புத்தி எங்கே போகும்? அலமாரி, பீரோ, மிக்ஸி, தலையணை என்று எல்லாவற்றுக்கும் சீட்டு ஏறியது. “நீயே வெச்சுக்கோ.” “எனக்கு எதுக்கு, நீங்க கொண்டு போங்க.” கல்யாணமான புதிதில்கூட இத்தனை மரியாதையாகப் பேசிக்கொண்டதில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் மகன் போய், “கொஞ்சம் எழுந்திரிங்கப்பா” என்றான். எழுந்தார். நாற்காலியின் முதுகில் வெள்ளைச் சீட்டைக் கட்டினான். “உக்காருங்க.” உட்கார்ந்தார்.

அவருடைய பொருள்களை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. அவள் கணக்கில் அது பேசவேண்டிய விஷயமே இல்லை. மாமா இங்கேதானே இருக்கப்போகிறார். அவன் கணக்கிலும் பேசவேண்டிய விஷயமில்லை. அப்பா மகனோடுதானே வருவார்.

மகன் கிளம்பிப் போன பிறகு பெரியவர் வீடு முழுக்க ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, என் சட்டை, செருப்பு, பெட்டி எதுலயும் சீட்டு இல்லையே.”

“அதெல்லாம் பங்குல வராது மாமா.”

“சீட்டு இல்லாத துணி அந்தக் கம்பிக்குத்தான் போகும்னு நீதானே சொன்ன?”

சாதாரணமாகத்தான் கேட்டார். அவள், “என்ன பேச்சு மாமா இது, போய் உக்காருங்க” என்று கோபப்பட்டாள். கோபம் அவர்மேல் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அடுத்த முறை புருஷன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா என்கூடத்தான் இருப்பார். அதையும் எழுதச் சொல்லுங்க.”

“அவர் எங்கப்பா.”

“யாரு இல்லன்னா? ரூம்ல ஒரு கட்டில். நீங்க ரோட்டுல கிடக்கறப்போ அவருக்கு யாரு சாப்பாடு போடுவா?”

“பக்கத்துல மெஸ் இருக்கு. பொண்டாட்டியும் போயி, அப்பாவையும் விட்டுட்டு வந்தவன்னு நாலு பேர் சொல்லணுமா?”

பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அவள் விடவில்லை. பீரோவை எடுத்துக்கோங்க, மிக்ஸியை எடுத்துக்கோங்க, மஞ்சள் சீட்டு அத்தனையையும் கழற்றித் தருகிறேன் என்றாள். அவனுக்கு அது இன்னும் சுருக்கென்றது. எங்கப்பா என்ன பண்டமாற்றா என்று கத்தினான். பக்கத்து அறையில் அவர் இருப்பது அப்போதும் இருவருக்கும் நினைவில்லை.

வக்கீலம்மா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “கோர்ட்டுல ஜட்ஜ் இதைக் கேக்கவே மாட்டார். ஒப்பந்தத்துல எழுதலாம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா. ஆனா அவர் சின்னக் குழந்தை இல்லையே. அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

அடுத்த தடவை பெரியவரையும் அழைத்து வந்தார்கள். வக்கீலம்மாவின் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. பெரியவர் உள்ளே போனதும் தானாகப் பொத்தான்கள் பக்கம் நின்றுகொண்டார். ஏறுகிறவர்களிடமெல்லாம் “எந்த மாடி?” என்று கேட்டு அமுக்கினார். அவர்களும் பணிவாகச் சொன்னார்கள். ஊக்குக்கு மனசு லேசாக இருந்தது. எப்படியும் தன் பக்கம்தான் சொல்வார், இதில் என்ன சந்தேகம்? வீட்டுக்குப் போனதும் அந்த நாற்காலியின் வெள்ளைச் சீட்டைப் பிய்த்துப் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஐயா, நீங்க யார்கூட இருக்கப் பிரியப்படறீங்க?” என்றாள் வக்கீலம்மா.

“இருங்கம்மா” என்று அவர் போட்டிருந்த பழைய கோட்டைக் கழற்றினார். காலரை மடித்துக் காட்டினார். உள்பக்கம் ஒரு சீட்டு. தானே குத்திக்கொண்டிருக்கிறார், கோணல்மாணலாக. வெள்ளைச் சீட்டு.

அவளுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. “மாமா” என்றாள்.

“உன்கிட்ட இருந்தா எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. என்னப் பாத்துக்க நீ இருக்க. இவன் ரோட்டுலேருந்து வந்தா கதவைத் திறக்க யாரு இருக்கா? பூட்டுன ரூம்தானே?” அவள் காலைப் பார்த்தார். “நீ பகல் பூரா ஊரார் துணியப் பாக்கற. வீட்டுக்கு வந்தா நான். போதும்மா. இனிமேலாவது காலை நீட்டி உக்காரு.”

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

இவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உங்களை யாரு என் காலைப் பத்திக் கவலைப்படச் சொன்னது என்று கேட்க நினைத்தாள். வேண்டாம் மாமா, இருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நின்றுவிடுவார். அதுவும் தெரியும். புருஷனின் முதுகைப் பார்த்தாள். தூக்கமில்லாமல் லாரி ஓட்டி வந்தவனின் கசங்கிய சட்டை. அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

“மாமா துணி மட்டும் என்கிட்டதான் வரணும்” என்றாள் வக்கீலம்மாவிடம். “வாராவாரம். அதை எழுதிக்கோங்க.”

வக்கீலம்மா அவனைப் பார்த்தாள். அவன் திரும்பாமலே, “கொண்டுவந்து தர்றேன்” என்றான். வக்கீலம்மா அதை எழுதினாள்.

பெரியவர் கோட்டை மறுபடி போட்டுக்கொள்ளப் போனார். ஊக்கு அதை வாங்கினாள். “இப்படிக் குத்தினா கழுத்துல கீறும் மாமா” என்று அவர் குத்தியதைக் கழற்றி, அதே வெள்ளைச் சீட்டை மடித்து, தையலோரமாக வைத்து ஒழுங்காகக் குத்தினாள். தினம் எத்தனையோ முறை செய்கிற வேலை. அன்றைக்கு ஊக்கைப் பூட்டுவதற்குள் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து மூன்று பேரும் லிஃப்டில் ஏறினார்கள். பெரியவர் பொத்தான் பக்கம் நின்று அவளைப் பார்த்தார்.

“எந்த மாடி?”

“கீழ, மாமா” என்றாள்.