சுத்தமான மூலை

"வானத்தைத் துடைக்கிறவளுக்கு வீட்டைத் துடைக்க நேரமேது?" நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமியாரின் நிரந்தர வசனம் இது. குத்தல் பாதி என்றாலும் உண்மை முழுசு. மருமகள் வானத்தைத் துடைத்துத்தான் சம்பளம் வாங்கினாள்.

பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்து வெப்பம் ஆறிப்போய், மங்கிய மைக்ரோ அலையாக இன்றும் வானமெங்கும் பரவிக் கிடக்கிறது. குறுக்கே நம் பால்வெளியின் தூசி. அதைக் கணக்குப் போட்டுக் கழித்தால்தான் பழைய ஒளி தெரியும். படிப்பு முடிந்ததிலிருந்து தலை நரைக்கும் வரை அவள் கழித்துக்கொண்டே இருந்தாள்.

வானத்தில் இருப்பதிலேயே சுத்தமான மூலை என்று அவளே தேர்ந்தெடுத்த இடத்தில், ஒருநாள் அந்தப் பழைய ஒளியில் மெல்லிய சுழல் ஒன்று தெரிந்தது. பிரபஞ்சம் பிறந்த கணத்தின் அதிர்வு என்றார்கள். துறைத் தலைவர் பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டார். பல் டாக்டரான கணவர், வாய் திறந்து கிடந்த நோயாளிகளிடமெல்லாம் பெருமையடித்தார். பாவம், அவர்களால் மறுபேச்சுப் பேச முடியாது.

அறிவிப்புக்கு முந்தின நாள் காலை, இன்னொரு தொலைநோக்கி உயர்ந்த அலைவரிசையில் எடுத்த படம் வந்தது. அலைவரிசை கூடக்கூடத் தூசிதான் பழைய ஒளியை மிஞ்சிப் பளிச்சிடும். சுழல் பளிச்சென்று இருந்தது. அப்படியானால் அது பிறப்பின் அதிர்வல்ல, தூசி. சுத்தம் என்று நம்பி அங்கே குறைவாகக் கழித்தவளும் அவள்தான். படத்தை வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை. மூடி வைத்தால் ஒருநாள் புகழாவது மிஞ்சும். மூடவில்லை, தலைவரின் அறைக்கு எடுத்துப் போனாள்.

"இப்போ அறிவிச்சிடுவோம், அப்புறம் திருத்திக்கலாமே" என்றார் தலைவர்.

"தெரியாம சொன்னா தப்பு, சார். தெரிஞ்சே சொன்னா பொய்."

அறிவிப்பு ரத்தானது. மதியமே வீடு திரும்பினாள். மாமியார் புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பு இல்லை என்று அவரிடம் சொன்னாள்.

"அப்போ பேப்பர்ல வராதா?"

"வராது அத்தை. எல்லாம் வெறும் தூசி."

இத்தனை வருடமாகத் தூசியையும் துடைப்பதையும் வைத்தே மருமகளைக் குத்தியவர், இன்று வாய்ப்பைத் தவறவிட்டார். "சுத்தமா இருக்குன்னு நம்ம நெனைக்கிற மூலையிலதாம்மா எப்பவும் இருக்கும்" என்றார் மெதுவாக.

அவள் அழுதாள். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணிக்குக் கை நீட்டினாள். "குடுங்க அத்தை, நான் துடைக்கிறேன்."

மாமியார் துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீ துடைச்சா நான் மறுபடி துடைக்கணும். இதுக்கு நான் இருக்கேன். அந்த வானத்துக்கு யாரு இருக்கா? போ."