கூரை பாஸ் சொன்ன பொய்

என் அப்பா கூரை பாஸ்; வீடுகளுக்கு அஸ்பெஸ்டஸ் சீட்டுக் கூரை போடும் மேஸ்திரி. இரத்தோட்டையிலிருந்து அலுவிகாரை வரைக்கும் பஸ்ஸில் எந்த வீட்டைக் கடந்தாலும் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி, "அது நம்ம போட்ட சீட்டு" என்பார். தெரிந்தவரா தெரியாதவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். பீடி இல்லை, சாராயம் இல்லை. அந்தப் பெருமையும் ஊருக்கே தெரியும்.

அதனால் இரண்டாம் தடவையும் நெஞ்சில் நீர் கோத்தபோது, அம்மா வாங்கிய புது ஃபேன்மீதுதான் பழியைப் போட்டார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று கிளினிக்கில் டொக்டரம்மா என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோய். அஸ்பெஸ்டஸ் தூசு உள்ளே போய்ப் பல வருடங்கள் கழித்து வருவதாம். வலியைக் குறைக்கலாம், குணப்படுத்த முடியாது என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பிறகு அப்பாவும் அம்மாவும் உள்ளே வந்தார்கள். டொக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயா, அஸ்பெஸ்டஸ் வேலை கனகாலம் செய்தனீங்களோ?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டொக்டரம்மா வீடு கட்டுகிறார் என்று முடிவே செய்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷங்க. டொக்டரம்மாவுக்கு எத்தன ரூம்?"

"சீட்டை எதால வெட்டுவீங்கள்?"

"வாளாலதான், தண்ணி தெளிக்காம. ஈரம் பட்டா கோடு மறைஞ்சிரும். நம்ம வெட்டு நூல் புடிச்சாப்ல இருக்கும்."

"தூசு பறக்குமே?"

"ஐயோ, மாவு மாதிரி! வீட்டுக்குப் போனா புள்ளைங்களுக்கே என்னய அடையாளம் தெரியாது."

சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. டொக்டரம்மா சிரிக்கவில்லை. நோயைப் பற்றி அவரிடமே மெதுவாக, ஒளிக்காமல் சொன்னார். அம்மா அழ ஆரம்பித்தார்.

"அப்ப, வீடு கட்டலிங்களா?" என்றார் அப்பா.

"இல்லை ஐயா. அந்தத் தூசு உடுப்பிலயும் ஒட்டியிருக்கும். வேலை உடுப்புகளை ஆர் தோய்க்கிறது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு வாளியைத் தூக்காத மனுஷன், "நானே தொவைச்சுக்குவேங்க" என்றார்.

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"அடப் பாவி மனுசா, ஆஸ்பத்திரியில வந்து பொய்யா? நான்தாங்க டொக்டரம்மா, முப்பத்தஞ்சு வருஷமும்! ஒவ்வொரு சட்டையையும் நல்லா உதறிட்டுத்தான் தொவைப்பேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். டொக்டரம்மா எக்ஸ்ரேக்கு எழுதும் துண்டு ஒன்றை எடுத்து, அம்மாவின் பெயரைக் கேட்டார்.